தேகத்தின் தீட்டை அகற்றிய அண்ணல்

மானிட தேகம் மண், நீர், தீ, காற்று என்னும் நாற்பூதங்களால் ஆயது என்பது பகவான் புத்தரின் போதனை. புல்லுக்கும் பூச்சிக்கும் பறவைக்கும் பிறவியால் வேறுபட்ட அடையாளங்கள் உண்டு. மனிதரின் கண்ணிலோ காதிலோ கைகால்களிலோ அத்தகைய வேற்றுமை இல்லை என்று வாசெட்ட சூத்திரத்தில் அவர் விளக்கியருளினார். ஆயினும் இந்நாட்டில் ஒரு சாராரின் தேகமே தீட்டு எனப்பட்டது. அப்பொய்யைத் தம் உடலில் சுமந்து, அதனை எதிர்த்து நின்ற போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கரின் வரலாற்றை நாம் நினைவுகூர்வோம்.

1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோ நகரில் பிறந்த பீமராவ், சதாராவில் பயின்றார். வகுப்பில் அவர் அமரத் தனிக் கோணி; அதனை நாள்தோறும் அவரே சுமந்து வரவேண்டும். பள்ளிச் சேவகர் குழாயைத் திறந்தாலன்றி அவர் தாகம் தீராது. கூலி கொடுக்க வசதி இருந்தும் நாவிதர் அவர் தலையைத் தொடார். தமக்கையாரே முடி வெட்டினார்.

1913இல் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெற்றுத் திரும்பினார். பரோடாவில் உயர் பதவி கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. கல்வி அறிவை வளர்த்தது. தேகத்தின் மேல் பிறர் ஒட்டிய முத்திரை அப்படியே இருந்தது.

ஆகவே அவர் நீரிலிருந்து தொடங்கினார். மகாத் நகரின் சவதார் குளத்தில் கால்நடைகள் நீர் அருந்தலாம், தீண்டப்படாதோர் அருந்தலாகாது. 1927 மார்ச் 20ஆம் நாள், திரளான மக்களுடன் சென்று அண்ணல் அந்நீரை அருந்தினார். உயர்சாதியாரோ சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்த 108 குடங்களைக் கொட்டிக் குளத்தைச் சுத்தி செய்தனர்! பத்தாண்டு வழக்கின் பின், 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் அம்மக்களின் பக்கமே தீர்ப்பளித்தது.

உழைக்கும் உடலையும் அவர் மறந்தாரில்லை. 1928இல் பம்பாய்ச் சட்டசபையில் பிள்ளைப்பேற்று உதவி மசோதாவை ஆதரித்தார். 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறையை ஏற்று, வேலை நேரக் குறைப்புக்கு வழிகோலினார். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது.

அந்நாளில் நீரிழிவு நோய் அவர் உடலை அரித்துக்கொண்டிருந்தது. ஆயினும் 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் மும்மணிகளைச் சரணடைந்து, லட்சக்கணக்கானோரையும் தம்மத்திற்கு அழைத்து வந்தார். டிசம்பர் 6ஆம் நாள் அத்தேகம் ஓய்ந்தது.

அன்பர்களே, 1993இலும் 2013இலும் சட்டங்கள் இயற்றிய பின்னும் கழிவுநீர்க் குழிகளில் மனிதர் மூச்சடைத்து மடிகின்றனர். நம்முள்ளும் உட்சாதி பார்த்துப் பந்தியில் விலகி அமர்வோர் உளரெனில், அண்ணல் அருந்திய நீரை நாம் இன்னும் அருந்தவில்லை என்றே பொருள். அதனை அருந்துவோமாக!