இராமன் விளைவில் இணைந்த கிருஷ்ணன்

இயற்பியலின் வளர்ச்சியைப் படிக்கும்போது கலீலியோ, நியூட்டன், ஐன்ஸ்டைன் என்று தனிப்பெயர்களையே மனப்பாடம் செய்கிறோம். ஒரு பெயருக்குப் பின்னே எத்தனை பேருடைய உழைப்பு உள்ளது என்று எண்ணுவதில்லை. அத்தகைய உழைப்பாளர் ஒருவரை மாணவ நண்பர்களுக்கு நினைவூட்டவே இதனை எழுதுகிறேன். அவர்தாம் கே. எஸ். கிருஷ்ணன்.

1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள், இன்றைய விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் அவர் பிறந்தார். பாலாற்றங்கரை ஓரிக்கையிலிருந்து கல்லூரிக்கு வரும் எனக்கு, மலையடிவாரச் சிற்றூரில் பிறந்த ஒருவர் உலக அறிவியலில் இடம்பெற்றது தனி ஊக்கம் தருகிறது. மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றபின் கல்கத்தா சென்று, பேராசிரியர் சி. வி. இராமனிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

அங்கே ஒரு புதிர் காத்திருந்தது. திரவங்களில் ஒளியைச் செலுத்தினால், சிதறும் ஒளியில் வேறு நிறச் சாயல் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. 1923-இல் இதனைக் கண்டவர் கே. ஆர். இராமநாதன். திரவத்தில் கலந்த மாசே காரணம் என்று முதலில் கருதினர். ஆனால், எவ்வளவு தூய்மை செய்தும் சாயல் மறையவில்லை.

1928 பிப்ரவரியில் இராமனும் கிருஷ்ணனும் சூரிய ஒளியை ஊதா வடிகட்டி வழியே திரவத்தில் குவித்தனர். அவ்வொளியை முற்றும் தடுக்கும் இன்னொரு வடிகட்டியைக் கண்முன் வைத்துப் பார்த்தனர். எதுவும் தெரியக் கூடாது. ஆனால் ஒளி தெரிந்தது! ஒளி தன் ஆற்றலில் ஒரு பகுதியை மூலக்கூறுகளுக்குக் கொடுத்துவிட்டு, நிறம் மாறி வெளிவருகிறது என்பது புலனாயிற்று. ஏறத்தாழ 60 திரவங்களில் இதனைச் சோதித்தனர்.

‘நேச்சர்’ இதழில் வெளிவந்த முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது. தம் பரிசு உரையில் கிருஷ்ணனின் பெயரை அவர் குறிப்பிட்டார்.

கிருஷ்ணனின் ஆய்வு அத்துடன் நின்றுவிடவில்லை. டாக்கா பல்கலைக்கழகத்தில், படிகங்களை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, அவற்றின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதை அளந்தார். 1940-இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1947-இல் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961-இல் மறைந்தார்.

விடையை முன்னரே அறிந்து, அதற்கேற்ப அளவுகளை எழுதும் வழக்கம் மாணவரிடையே உண்டு. மாசு என்று தள்ளியிருக்கக் கூடிய ஒரு மங்கல் ஒளியைப் பொறுமையுடன் பார்த்தவர்களால்தான் இயற்பியல் ஒரு படி உயர்ந்தது. பிப்ரவரி 28-இல் தேசிய அறிவியல் நாள் கொண்டாடும்போது, இராமனோடு கிருஷ்ணனையும் நினைப்போம். நம் ஆய்வுக்கூடத்திலும் கண்டதைக் கண்டவாறே எழுதுவோம்!