ஹுவான் தெ கோர்தோவாவும் சபோட்டெக் மொழியின் அன்றாடச் சொற்களும்

திறவுச்சொற்கள்: சபோட்டெக், வஹாக்கா, சமயப் பணியாளர் இலக்கணம், இருமொழி அகராதி, மொழிபெயர்ப்பு

படைவீரர் துறவியாதல்

மெக்சிகோவின் தென்பகுதியில் உள்ள வஹாக்கா மாநிலத்தில் வழங்கும் சபோட்டெக் மொழிக்கு 1578ஆம் ஆண்டில் ஓர் அகராதியும் ஓர் இலக்கணமும் அச்சில் வெளிவந்தன. இரண்டையும் ஆக்கியவர் ஹுவான் தெ கோர்தோவா. தோமினிக்கன் சபைத் துறவியாகிய இவர், 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் பிறந்தவர். அகராதி ஆக்குவதற்குரிய பயிற்சி எதுவும் அவருடைய இளமையில் தென்படவில்லை. பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படையில் சேர்ந்து ஐரோப்பியப் போர்க்களங்களில் பணியாற்றிய பின்னர்க் கடல் கடந்து புதிய ஸ்பெயினுக்கு வந்தார். பொன் நிறைந்த நகரங்களைத் தேடி 1540இல் வடக்கு நோக்கிப் புறப்பட்ட கொரொனாதோவின் படையிலும் அவர் இருந்தார். அப்படை கண்டது பொன்னகரங்களை அன்று, மண்சுவர் ஊர்களையே.

அதன்பின் 1543இல் மெக்சிகோ நகரத் தோமினிக்கன் மடத்தில் சேர்ந்தார். வாளை வைத்துவிட்டுத் துறவாடை உடுத்தபோது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியிருக்கும். அந்த அகவையில் புதிய மொழி ஒன்றைக் கற்பது யாருக்கும் எளிதன்று. அவர் கற்கவேண்டியிருந்ததோ ஒலியிலும் சொல்லமைப்பிலும் லத்தீனோடும் ஸ்பானியத்தோடும் எவ்வகை உறவும் இல்லாத மொழி. 1540களின் இறுதியில் வஹாக்காவுக்கு அனுப்பப்பட்ட அவர், அங்குள்ள பள்ளத்தாக்கு மக்களிடையே தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தார்.

பதவியும் நீக்கமும்

1568இல் கோர்தோவா தம் சபையின் மெக்சிகோ மாநிலத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். படைவீரரின் கண்டிப்பு துறவாடைக்குள்ளும் அவரை விட்டு நீங்கவில்லை. விதிகளைத் தளர்த்த அவர் இசையவில்லை. உடன் துறவிகள் அவருடைய கடுமையைப் பொறுக்கவில்லை. 1570இல் யான்ஹுயித்லானில் கூடிய பேரவை அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் வஹாக்காவுக்குத் திரும்பி, த்லாக்கோச்சவாயா என்னும் சிற்றூரில் தங்கினார்.

இந்த நீக்கத்தை அவர் வாழ்வின் தோல்வியாகக் கொண்டு அதோடு நிறுத்திக்கொள்ளும் வரலாற்றுக் குறிப்புகள் உண்டு. மொழி வரலாற்றின் நோக்கில் அது பொருந்தாது. நிர்வாகத்தில் தொடர்ந்து இருந்திருந்தால், அகராதியை எட்டு ஆண்டுகளில் முடித்து அச்சுக்குக் கொடுக்க அவருக்கு ஓய்வு வாய்த்திருக்குமா என்பது ஐயமே. பிறருக்கு ஆணையிட்டுப் பழகியவர், ஓர் உழவரின் வாயிலிருந்து வரும் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலைக்கு வந்தார். அவ்வூர்த் தேவாலயம் புனித ஜெரோமுக்கு உரியது என்பது தற்செயலே. விவிலியத்தை லத்தீனில் பெயர்த்த அவரையே மொழிபெயர்ப்பாளர்கள் தம் காவலராகக் கொள்கின்றனர்.

அகராதியின் அமைப்பு

சபோட்டெக்கில் கோர்தோவாவுக்கு முன்னும் நூல் உண்டு. பேத்ரோ தெ ஃபேரியாவின் கிறித்தவ மறைநூல் 1567இல் அச்சேறியது. ஆனால் அது சமயச் செய்தியைச் சொல்ல எழுந்த நூல். நாள்தோறும் பேசும் பேச்சு அதற்குள் இடம்பெறத் தேவையில்லை. கோர்தோவாவின் அகராதி வயல், அடுப்பு, உடல், உறவு, நோய், சந்தை என எல்லாவற்றுள்ளும் நுழைகிறது. நாவாட்ல் மொழிக்கு மொலினா ஆக்கிய அகராதிகளும், அவற்றுக்கு மூலமான நெப்ரிஹாவின் ஸ்பானிய-லத்தீன் அகராதியும் காட்டிய வழியிலேயே அவரும் சென்றார். எனினும் தனிச்சொல்லோடு நிற்காமல், ஒரு சூழலையே விரித்துரைக்கும் நீண்ட தொடர்களையும் தலைச்சொல்லாக வைத்து, அவற்றுக்கு நேரான சபோட்டெக் தொடர்களைத் தந்தார்.

உண்ணுதல் என்னும் எளிய செயலை எடுத்துக்கொள்ளலாம். ஸ்பானிய அகராதி மரபு வினையெச்சம் போன்ற பொதுவடிவத்தைத் தலைச்சொல்லாகக் கொள்ளும். சபோட்டெக்கில் அத்தகைய வடிவம் இல்லை. ஆகவே உண்ணுதல் என்பதற்கு நேராக அவர் தாகோஆ என்று எழுதினார். இதில் முதலில் நிற்கும் தகரம் வழக்கமாக நிகழும் செயலைக் குறிக்கும். இறுதியில் நிற்கும் ஆகாரம் தன்மை ஒருமையைக் குறிக்கும். இரண்டுக்கும் இடையில் நிற்பதே வினையடி. எனவே அச்சொல்லின் பொருள் உண்ணுதல் அன்று. நான் உண்கிறேன் என்பதே. அகராதியின் வினைப்பதிவுகள் பெரும்பாலும் இப்படித் தன்மை ஒருமையில் பேசுகின்றன. சொல்லைத் தேடிச் செல்லும் ஆய்வாளர் ஒவ்வொரு முறையும் ஒரு மனிதர் தம்மைப் பற்றிக் கூறும் சிறு கூற்றையே எதிர்கொள்கிறார்.

வினைகளை அவர் நான்கு வகையாகப் பகுத்தார். நிகழ்காலத்தில் வரும் தா, தே, தீ, தோ என்னும் முன்னொட்டுகளே அப்பகுப்புக்கு அடிப்படை. லத்தீன் இலக்கணமும் வினையை நான்காகப் பகுக்கும் என்பதால் இதை வெறும் ஒப்புப்போலியாகக் கருதத் தோன்றும். ஆனால் 20ஆம் நூற்றாண்டின் ஒப்பிலக்கண அறிஞர்கள் சபோட்டெக் வினைவகைகளை மீட்டுருவாக்கியபோது இப்பகுப்பை ஒட்டியே சென்றனர். லத்தீனின் எண்ணிக்கையும் சபோட்டெக்கின் இயல்பும் ஒரிடத்தில் கூடியது அவருக்கு வாய்த்த நற்பேறு எனலாம்.

வேறு இடங்களில் லத்தீன் அவருக்குத் துணை நிற்கவில்லை. இடப்பொருளைச் சொல்ல சபோட்டெக் உடலுறுப்புப் பெயர்களைப் பயன்படுத்துகிறது. முகத்தைக் குறிக்கும் லாவ் என்னும் சொல்லே முன்னிலும் மேலும் இருப்பதைக் குறிக்கும்; வயிறு உள்ளிடமாகும். கண், தலை முதலியன ஏழாம் வேற்றுமைப் பொருளில் நிற்பதைத் தொல்காப்பிய வேற்றுமையியலில் பயின்ற தமிழ் மாணவருக்கு இது வியப்பளிக்காது. லத்தீன் முன்னிடைச்சொற்களை மட்டும் அறிந்த துறவிக்கோ, மலையின் முகத்தில் ஒருவர் நிற்கிறார் என்ற கூற்று உருவகமா, வெறும் இடக்குறிப்பா என்று தெளிவது கடினமாகவே இருந்திருக்கும்.

ஒலியைப் பொறுத்தவரை குறை வெளிப்படையானது. சபோட்டெக் சுருதியால் பொருள் வேறுபடும் மொழி. குரலின் தன்மையாலும் வேறுபடும். இன்றைய தெவான்தெபெக் பகுதி வழக்கில் கல்லுக்கும் பூவுக்கும் உரிய சொற்கள் மிக நெருங்கியவை. பூவுக்குரிய சொல்லின் இறுதியில் வரும் தொண்டையடைப்பே வேறுபாட்டின் உயிர். ஸ்பானிய எழுத்தில் இதற்கு இடமில்லை. ஊருக்கு ஊர் ஒலிப்பு மாறுவதையும், ஓரெழுத்து நிற்குமிடத்தில் வேறோரெழுத்து வருவதையும் கோர்தோவா தம் இலக்கணத்தில் பதிவு செய்தார். கேட்டறிந்திருக்கிறார், எழுதும் கருவிதான் அவரிடம் இல்லை.

விலக்க வேண்டியதை எழுதிவைத்தல்

புதிதாக வந்த பொருளுக்கு மக்கள் சூட்டிய பெயர்களும் அகராதியில் உள. கோதுமை அப்பத்தை அவர்கள் காஸ்தீயாவின் சோள அடை என்னும் பொருளில் கேத்தா காஸ்தீயா என்றனர். இன்றும் அச்சொல்லின் வழிவந்த வடிவமே ரொட்டிக்கு வழங்குகிறது. இங்கே மொழிபெயர்த்தவர் துறவியல்லர், மக்களே.

கடவுள் என்னும் தலைச்சொல்லின்கீழ் நிலைமை வேறாகிறது. மழைக்குக் கோசியோ, விளைச்சலுக்குப் பித்தாவ் கோசோபி, நிலநடுக்கத்துக்குப் பித்தாவ் ஷோ எனத் தெய்வப் பெயர்களை அவர் வரிசைப்படுத்தினார். இலக்கண நூலின் இறுதியிலோ 260 நாள் கொண்ட சடங்குக் காலக்கணக்கை முழுமையாகத் தந்தார். அது 65 நாள் கொண்ட நான்கு பகுதிகளாகவும், ஒவ்வொரு பகுதியும் 13 நாள் கொண்ட ஐந்து கூறுகளாகவும் பிரிந்து நின்றது. பிறந்த நாளின் பெயரே குழந்தைக்குப் பெயராவதையும், திருமணப் பொருத்தம் பார்க்கக் கணியர் அக்கணக்கைப் பயன்படுத்துவதையும் விளக்கினார். இவற்றைக் கண்டறிந்து ஒழிக்கத் துறவிகளுக்கு உதவுவதே அவர் நோக்கம். அந்நோக்கத்தை மறைத்து அவரைப் பண்பாட்டுக் காவலராகப் போற்றுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ஆயினும் அக்காலக்கணக்கை இன்று மீட்டறிய முயல்வோர்க்கு அவருடைய பட்டியலே முதன்மைச் சான்று.

இன்னொரு குறையும் சுட்டத்தக்கது. நூலின் முகப்பில் ஆக்கியவராகவும் தொகுத்தவராகவும் நிற்பது கோர்தோவாவின் பெயர் மட்டுமே. நான் உண்கிறேன் என்று அவருக்குச் சொன்னவர் யார் என்பதை முகப்பு கூறவில்லை.

அச்சுக்குப் பின்

அகராதியைப் பேத்ரோ ஒச்சார்த்தேயும் அந்தோனியோ ரிக்கார்தோவும், இலக்கணத்தைப் பேத்ரோ பாயியும் மெக்சிகோ நகரில் அச்சிட்டனர். ரிக்கார்தோ பின்னர் லிமாவுக்குச் சென்று தென்னமெரிக்காவின் முதல் அச்சாளரானார். அதே 1578இல்தான் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கமும் அச்சேறியது. ஒருவரையொருவர் அறியாத இரு துறவியர், உலகின் இரு முனைகளில், ஏறத்தாழ ஒரே வேலையில் இருந்தனர்.

கோர்தோவா 1595இல் வஹாக்காவில் இறந்தார். அவருடைய இலக்கணம் 1886இல் நிக்கொலாஸ் லெயோனால் மொரேலியாவில் மறுபதிப்பானது. அகராதியின் உருநகல் 1942இல் வெளிவந்தது. அகராதி ஸ்பானியத்திலிருந்து சபோட்டெக்குக்கு மட்டுமே செல்வது. துறவி தாம் நினைத்ததைச் சொல்ல அது உதவியது. மக்கள் சொன்னதைத் தேடி அறிய உதவவில்லை. போதிப்பவரின் தேவையைக் கருதி ஆக்கப்பட்ட நூலுக்கு அது இயல்பே. 1993இல்தான் அது சபோட்டெக்கிலிருந்து ஸ்பானியத்துக்குச் செல்லும் வகையில் முறைமாற்றப்பட்டு அமெரிக்காவில் வெளியாயிற்று.

2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மெக்சிகோவில் சபோட்டெக் மொழிகளைப் பேசுவோர் ஏறத்தாழ 4,90,000 பேர். புலம்பெயர்ந்தோர் வழியே லாஸ் ஏஞ்சலஸ் நகரிலும் அது வழங்குகிறது. கோர்தோவா வாழ்ந்த அதே பள்ளத்தாக்கைச் சேர்ந்த வழக்கை ஆங்கிலம் அறிந்தோர்க்குக் கற்பிக்கும் பாடநூல் ஒன்று, எங்கே போகிறாய் என்னும் அன்றாடக் கேள்வியையே தன் பெயராகக் கொண்டுள்ளது. வெளியே கிளம்புபவரை அவ்வாறு கேட்கலாகாது என்னும் வழக்கமுடைய தமிழருக்கு, அத்தொடரை நேராகப் பெயர்த்தால் அதன் இணக்கம் மறைந்து சகுனத்தடையே எஞ்சும்.

கோர்தோவாவின் நூல்களையும் காலனியக்கால ஆவணங்களையும் இணையத்தில் சபோட்டெக் மக்களுக்கும் ஆய்வாளருக்கும் திறந்துவைக்கும் திட்டத்திற்குத் தீச்சா என்று பெயர். சொல், மொழி என்னும் இரு பொருளும் தரும் அப்பெயர் அவருடைய அகராதியிலும் உள்ள சொல்லே. தம் மூதாதையர் பேச்சை அப்பக்கங்களில் படிக்கும் சபோட்டெக் இளைஞர்கள், அவர் எழுதாது விட்ட சுருதியைத் தம் வாயால் ஒலித்துச் சேர்த்து வருகின்றனர்.