இயற்கைப் பேரறிஞர் மா. கிருஷ்ணன்

ஒரு நாட்டின் செல்வம் அதன் பொன்னும் பொருளும் மட்டுமன்று. அதன் மரமும் மாவும் புள்ளும் அச்செல்வத்தின் பகுதியேயாம். ஆயினும் பொன்னின் மாற்றறிவார் பலர். தம் ஊர்ப் புள்ளின் பெயரறிவார் சிலரே. கற்றாரிடத்தும் காணப்படும் இக்குறையை நீக்குதற்பொருட்டுத் தம் வாழ்நாள் முழுவதும் எழுதுகோல் பிடித்த ஒருவர் நமது திருநெல்வேலிச் சீமையிலே தோன்றினார். அவரே மா. கிருஷ்ணன் என்னும் பெரியார்.

இவர் 1912ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தார். இவர்தம் தந்தையார் 'பத்மாவதி சரித்திரம்' இயற்றிய அ. மாதவையா ஆவர். நெல்லை நாட்டுப் பெருங்குளத்திற் பிறந்த மாதவையா, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் டாக்டர் மில்லரின் மாணாக்கராய்ப் பயின்று, அக்கல்லூரிப் பத்திரிகையிலும் எழுதியவர். ஆதலின் அவர் மைந்தரின் வரலாறு ஒரு கல்லூரிப் பத்திரிகையில் இடம் பெறுவது பொருத்தமேயாம். 1925ஆம் ஆண்டில், சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையிலே தமிழ்க் கல்விக்காகப் பரிந்து பேசிய அன்றே மாதவையா உயிர் நீத்தார். அப்பொழுது கிருஷ்ணனுக்கு வயது பதின்மூன்று.

புதரும் வெளியுமாய்க் கிடந்த அக்காலத்து மயிலாப்பூரிலே அணிலையும் கீரியையும் பறவைகளையும் நோக்கி வளர்ந்தார் இவ்விளைஞர். பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியில் தாவர நூற்பேராசிரியராக இருந்த பைசன் துரையின் அன்புக்கு உரியரானார். நீலகிரிக்கும் கோடைக்கானல் மலைக்கும் ஆசிரியர் செடிகொடிகளை ஆராயச் சென்றபோதெல்லாம் உடன் சென்றார். ஆசிரியரின் மனைவியாரிடத்து வண்ண ஓவியம் பயின்றார். நூலிற் கற்றதை நிலத்திலே சோதித்தறியும் வழக்கம் இவ்வாறு இவரிடம் வேரூன்றியது.

இவர் சட்டமும் கற்றுத் தேர்ந்தனர். எனினும் வழக்குத் தொழிலில் இவர் மனம் செல்லவில்லை. 1942இல் பல்லாரியை அடுத்த சண்டூர் சமஸ்தானத்திற்குச் சென்று, ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் எனப் பல பணிகள் புரிந்தார். 1949இல் அச்சமஸ்தானம் இந்திய ஒன்றியத்துடன் இணையவே சென்னைக்கு மீண்டார். அப்பொழுது அவர் மனைவியும் மகனும் உடைய குடும்பஸ்தர். மாதச் சம்பளம் தரும் உத்தியோகம் ஒன்றைத் தேடுவதே உலகியல். அவரோ அதனை நாடாது, எழுத்தையும் புகைப்படத்தையுமே நம்பி வாழத் துணிந்தார். இத்துணிவே அவர் வாழ்வின் திருப்பம் எனலாம்.

1950ஆம் ஆண்டு முதல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதலானார். தம் இறுதிக் காலம் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் எழுதினார். யானையும் புலியும் மட்டுமல்ல, காக்கையும் மைனாவும் ஓணானும் அவர்க்குப் பொருளாயின. தமிழுக்கும் அவர் கடன் செலுத்தத் தவறவில்லை. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் பிற்காலத்தே 'மழைக்காலமும் குயிலோசையும்', 'பறவைகளும் வேடந்தாங்கலும்' என்னும் நூல்களாகத் தொகுக்கப்பெற்றன.

வேடந்தாங்கல் அவர் உள்ளத்தைக் கவர்ந்த இடம். கார்காலத்தில் ஏரி நிறைந்ததும் நாரையும் நீர்க்காகமும் கொக்கும் அரிவாள் மூக்கனும் அங்கு வந்து, நீர் சூழ நின்ற மரங்களிற் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். அவற்றின் எச்சம் நீரிற் கலந்து வயலுக்கு எருவாகும். இந்நன்மையை உணர்ந்த ஊரார் வேட்டையாடுவாரைத் தடுத்தனர். செங்கற்பட்டுக் கலெக்டர் பிளேஸ் துரையிடம் முறையிட்டுப் பறவைகளுக்குக் காப்புரிமைச் சாசனமும் 1798இல் பெற்றனர். பறவைக் காப்பு என்பது மேனாட்டார் கற்பித்த புதுமையன்று, ஏர் பிடிக்கும் குடியானவரின் பழைய அறிவு என்பதற்கு இஃதொன்றே சான்றாம். நமது நாங்குநேரிப் பகுதியிலுள்ள கூந்தன்குளமும் அத்தகையதே. 1994இல் அது சரணாலயமாக அறிவிக்கப்படுமுன்னரே, வீட்டு முற்றத்து மரங்களிலும் நாரைகள் கூடு கட்ட ஊர் மக்கள் இடந்தந்து காத்து வந்தனர்.

ஒரு நாட்டின் விலங்கும் பறவையும் அந்நாட்டு மரஞ்செடிகளோடு பிரிக்கவொண்ணாத உறவுடையன என்பது கிருஷ்ணன் கொள்கை. அழகுக்காகவேனும் அயல்நாட்டு மரங்களைக் காடுகளில் நடுதலை அவர் வன்மையாக மறுத்தார். 1960இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது. 1968இல் நேரு ஆய்வு நல்கையும் கிடைத்தது. அரசினரின் வனவிலங்கு வாரியத்தில் அமர்ந்தபோதும் தமக்கு உண்மையெனத் தோன்றியதை மறையாது கூறினார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் சென்னையிற் காலமானார்.

இவர் வாழ்க்கை சங்கரன்கோவில் வட்டாரத்து மாணவராகிய நமக்கு உணர்த்துவது யாது? ஐப்பசி கார்த்திகையில் நம் கண்மாய்கள் நிறைகின்றன; மார்கழி தையில் வடபுலத்து வாத்தும் உள்ளானும் அவற்றில் வந்திறங்குகின்றன; பங்குனியில் நீர் வற்றக் குயில் கூவத் தொடங்குகிறது. இப்பாடநூல் ஆண்டுதோறும் நம் வாயிலில் விரிந்து கிடக்கிறது, படிப்பாரைத்தான் காணோம். கிழக்கே சிறிது தொலைவில் உள்ள கழுகுமலையை நினைமின். ஊர்ப்பெயரில் கழுகு நிலைத்து நிற்கிறது. ஆனால் பிணந்தின்னிக் கழுகினம் இன்று தமிழகத்தில் பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டியே எஞ்சியுள்ளது. மாட்டுக்கு நோவு தீர ஊட்டிய டைக்ளோபினாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் ஊனை உண்ட கழுகுகளின் சிறுநீரகத்தை அழித்தது. அம்மருந்தைக் கால்நடைக்கு வழங்குதல் 2006இல் தடுக்கப்பட்டது. அதற்குள் இந்நாட்டுக் கழுகுகளில் மிகப் பெரும்பாலானவை மாண்டொழிந்தன. இருந்தபோது எண்ணாதவர்க்கு இழந்த கணக்கும் தெரியாது.

எண்ணும் பணி இப்பொழுது தொடங்கியுள்ளது. 2011 முதல் தாமிரபரணி நாட்டுக் குளங்களில் ஆண்டுதோறும் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மாணவரும் தொண்டரும் கலந்துகொள்கின்றனர். நம் கல்லூரி மாணவரும் விடுமுறை நாளொன்றில் கையிற் குறிப்பேட்டுடன் அருகிலுள்ள கண்மாய்க்கரை சென்று, ஒரு பறவையின் பெயரையேனும் உழவரிடம் கேட்டறிந்து வருவாராக. கிருஷ்ணனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.