‘சமைத்துப் பார்’ தந்த மீனாட்சி அம்மாள்

நூற்றாண்டு மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தினர் கேட்டபோது, எம் வகுப்புத் தோழியர் ஆளுக்கொரு பெயரைச் சொன்னோம். அரசிகள், கவிஞர்கள், விடுதலைக்காகச் சிறை சென்றவர்கள் என்று பட்டியல் நீண்டது. கடைசியில், எம்மிற் பலரது வீட்டுக் குசினி அலுமாரியில் எண்ணெய்க் கறையோடு கிடந்த ஒரு புத்தகத்தின் ஆசிரியையிடம் வந்து நின்றோம். அவர் கண்டிக்கு வந்தவரல்லர். ஆனாலும் கட்டுக்கலையிலும் பேராதனையிலும் கட்டுகஸ்தோட்டையிலும் அவருடைய ரசம் கொதித்திருக்கிறது.

எஸ். மீனாட்சி அம்மாள் 1905ஆம் ஆண்டு பிறந்தார். அக்கால வழக்கப்படி இளவயதிலே திருமணம். இருபதுகளிலேயே கணவரை இழந்தார். கையிலே சிறு குழந்தை, பார்த்துக்கொள்ள மாமியார், வளர்க்க வேண்டிய வயதில் கணவரின் தம்பி. இந்த மூவரின் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. அன்றைய பிராமணக் குடும்பங்களிலே கைம்பெண் ஒருத்தியின் நிலை எப்படியிருந்தது என்பதை எம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மங்கல காரியங்களில் முன்னே வரக்கூடாது. பண்டிகை நாளிலே பின்கட்டோடு நின்றுகொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பின்கட்டிலேதான் அடுப்பு இருந்தது. சபையில் இடமில்லாதவளின் கையால் ஆன சமையலைச் சபையே இருந்து உண்டது. இந்த முரணைப் பற்றி மீனாட்சி அம்மாள் என்ன நினைத்தார் என்பது எமக்குத் தெரியாது. அவர் அளவுகளை எழுதினார். தம்மைப் பற்றி எழுதவில்லை.

அவருடைய கைப்பக்குவம் உறவினர் நடுவே பெயர் பெற்றது. மணமாகி வேற்றூர் போன பெண்கள் சமையற்குறிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்கள். அவரும் சலிக்காமல் பதில் எழுதினார். இதைக் கவனித்த அவரது மாமா, சென்னையின் பெயர்பெற்ற வழக்கறிஞர் கே. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர், தனித்தனியாக எழுதுவதைவிட ஒரு புத்தகமாகவே எழுதிவிடும்படி தூண்டினார். கூட்டுக்குடும்பம் கலைந்துகொண்டிருந்த காலம் அது. உத்தியோகத்துக்காக டில்லிக்கும் பம்பாய்க்கும் குடும்பங்கள் பெயர்ந்தன. புது ஊரில் தனிக்குடித்தனம் போட்ட இளம் மனைவிக்குப் பக்கத்தில் கேட்க அம்மாவும் இல்லை, அத்தையும் இல்லை. அவள் கேள்விக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது.

‘சமைத்துப் பார்’ முதற்பாகம் 1951இல் வெளிவந்தது. சென்னை மாகாணத்தில் உணவுப் பங்கீடு இன்னும் நீங்காத காலம். ராஜாஜி அந்தக் கட்டுப்பாட்டை எடுத்தது அடுத்த ஆண்டிலேதான். சமையலையெல்லாம் புத்தகம் பார்த்துக் கற்பதா என்ற ஏளனம் அன்று எங்கும் இருந்ததுதான். இங்கே ஹில்டா டியூட்ரம் அம்மையார் தொகுத்த சிலோன் டெய்லி நியூஸ் சமையல் நூல் 1929இலேயே வந்து ஆங்கிலம் படித்த வீடுகளில் இடம்பிடித்திருந்தது. தமிழில் மட்டும் படிக்கத் தெரிந்த தாய்மாருக்கு அது எட்டவில்லை.

தலைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சமைத்து, அது சரியாக வருகிறதா என்று நீயே பார், அவ்வளவுதான். பயமுறுத்தலோ பெருமையடிப்போ இல்லை. உள்ளே போனாலும் அதே தொனிதான். இன்ன பொருள் இத்தனை என்று முதலில் வரும். பிறகு எது முன்னே, எது பின்னே என்று வரிசையாக வரும். உப்புக்குக்கூட அளவு உண்டு. எம் அம்மாமாரிடம் உப்பு எவ்வளவு என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: கண்ணால் பார்த்துப் போடு. கண் பழகாத பிள்ளை என்ன செய்வாள்? மீனாட்சி அம்மாள் அந்தப் பிள்ளையை நினைத்து எழுதினார். அவருடைய பெரிய சாதனை இதுவே என்பது எம் அபிப்பிராயம். புதிய பலகாரம் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை.

கண்டியில் அந்தப் புத்தகத்தைப் பிரித்ததும் முதல் இடறல் அளவைகளிலேதான். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது சென்னைக் கணக்கு. எமக்குத் தெரிந்ததோ சுண்டும் கொத்தும். எம்மில் ஒருத்தியின் தாயார் ஆழாக்கு என்று வந்த இடமெல்லாம் பென்சிலால் வெட்டிவிட்டுத் தேநீர்க் கோப்பைக் கணக்கு எழுதி வைத்திருந்தார். எழுபதுகளின் முற்பகுதியில் இறக்குமதி நின்று பருப்பும் செத்தல் மிளகாயும் அருமையாகிவிட்டன. அப்போது சாம்பாருக்குப் பாசிப்பயற்றை வறுத்து உடைத்துப் போட்டோம். கத்தரிக்காய் வாங்க முடியாத கிழமைகளில் ஈரப்பலாக்காய் கைகொடுத்தது. புத்தகத்தில் அது இல்லை. ஆனாலும் பொரித்த குழம்பு முறைக்கு அது அருமையாகப் பொருந்துகிறது.

எம் விடுதித் தோழியர் இன்றும் அடிக்கடி செய்வது போஞ்சிப் பருப்புசிலி. அரைச் சுண்டு துவரம்பருப்பையும் ஒரு பிடி கடலைப்பருப்பையும் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, நான்கு செத்தல் மிளகாய், உப்பு, சிறிது பெருங்காயம் சேர்த்துத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைக்க வேண்டும். அதை ஆவியில் வேகவைத்து, ஆறியபின் உதிர்த்துக்கொள்ள வேண்டும். ஆறாமல் உதிர்த்தால் களியாகிவிடும்; இதிலே எல்லோரும் ஒரு முறையாவது ஏமாந்தவர்கள்தான். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, உதிர்த்த பருப்பை மொறுமொறுப்பாகும்வரை வதக்கி, பொடியாக அரிந்து அவித்த நுவரெலியாப் போஞ்சியைக் கலந்து இறக்கலாம். சோற்றுக்கு இதுவும் ஒரு ரசமும் போதும். பிள்ளைகள் மரக்கறி என்று தெரியாமலே சாப்பிட்டுவிடுவார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அந்த நூலைத் தமிழர் சமையல் முழுவதுக்கும் ஏடு என்று சிலர் கொண்டாடுவது பிழை. அது ஒரு சமூகத்தின் சைவச் சமையல். மீன் குழம்புக்கும் கூழுக்கும் ஒடியல் பிட்டுக்கும் எம் தாய்மாரிடம்தான் போக வேண்டும். அவர்களுடைய கையளவுகளை எழுதி வைக்க ஒரு மீனாட்சி அம்மாள் எமக்கு வாய்க்கவில்லையே என்ற ஆதங்கம் எமக்கு உண்டு. எம்மில் பலருடைய தாய்மார் அவற்றைத் தம்மோடே கொண்டுபோய்விட்டார்கள்.

முதற்பாகத்தை அடுத்து மற்றப் பாகங்களும் வந்தன. அன்றாடச் சமையலோடு நில்லாமல் பண்டிகை, விசேடங்களுக்கான பக்குவங்களையும் அவர் எழுதினார். முன்னே வரக்கூடாதென்று வைக்கப்பட்டவர், கலியாண வீட்டாருக்கு வழிகாட்டியானார். 1962இல், அறுபது வயதை எட்டுமுன்பே, அவர் காலமானார். நூல் நிற்கவில்லை. குடும்பத்தினர் அதைத் தொடர்ந்து அச்சிட்டார்கள். ‘குக் அண்ட் சீ’ என்ற பெயரில் ஆங்கிலத்திலும் வந்தது. அவரது பேத்தி பிரியா ராம்குமார் தெரிந்தெடுத்துத் திருத்தியமைத்த ஆங்கிலப் பதிப்பைப் பெங்குவின் நிறுவனம் 2001இல் வெளியிட்டது.

புலம்பெயர்ந்து போன எம் தோழியரின் பெட்டிகளில் சேலைகளுக்கு நடுவே இந்தப் புத்தகம் போயிருக்கிறது. சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளது பிரதியில் மைசூர்பாகு இருந்த தாள் கிழிந்துபோயிற்றாம். கண்டியில் இருக்கும் பிரதியை எடுத்துப் பாகுப் பதத்தை வாசித்துக் காட்டினோம். மறுமுனையில் அவள் மகள் எழுதிக்கொண்டிருந்தாள்.