தேவராஜ் அர்ஸ்: வக்கீல் வைக்க முடியாத குத்தகைதாரருக்கு நிலம் கிடைத்தது எப்படி?

பெங்களூருவில் ஐ.டி. வேலை. கனகபுரா பக்கம் கொஞ்சம் பண்ணை நிலம் வாங்கிப் போடலாம் என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? 2020 வரை அது அவ்வளவு சுலபமில்லை. விவசாயம் அல்லாத வருமானம் குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், கர்நாடகாவில் நீங்கள் விவசாய நிலம் வாங்கவே முடியாது. 1974-ல் அந்தத் தடையைக் கொண்டுவந்தது தேவராஜ் அர்ஸ் அரசு.

யார் இவர்? 1915-ல் பிறந்தவர். மைசூரு மாவட்டம் ஹுன்சூர் பக்கம் கல்லஹள்ளிதான் ஊர். 1941-ல் மைசூர் சமஸ்தானத்தின் பிரதிநிதி சபைக்குப் போனார். சுதந்திரத்துக்குப் பிறகு ஹுன்சூர் எம்.எல்.ஏ. ஆனார். 1972-ல் முதல்வர்.

லிங்காயத்து, ஒக்கலிகர் என்ற இரண்டு பெரிய சமூகங்கள் ஆதிக்கம் செலுத்திய அரசியல் அது. அர்ஸின் சமூகமோ எண்ணிக்கையில் மிகச் சிறியது. அதனால் பிற்படுத்தப்பட்டோர், தலித்துகள், சிறுபான்மையினரைச் சேர்த்துத்தான் அவர் தன் பலத்தைக் கட்டினார்.

நிலச் சீர்திருத்தச் சட்டம் 1961-லேயே இருந்தது. ஆனால் ஓட்டைகள் அதிகம். 1974 மார்ச் 1 முதல் நிலைமை மாறியது. குத்தகை நிலங்கள் அரசின் வசமாகின. உழுதவர் 7-ம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கோர்ட் இல்லை, தாலுகா தீர்ப்பாயமே விசாரிக்கும். அதில் பட்டியல் சாதி அல்லது பழங்குடி உறுப்பினர் ஒருவரும் உண்டு. முக்கியமான விஷயம், அங்கே வக்கீல்கள் ஆஜராகக் கூடாது என்று அன்றைய சட்டம் சொன்னது. காரணம் எளிது: பண்ணையார் பெரிய வக்கீலைக் கூட்டிவந்தால் ஏழைக் குத்தகைதாரர் என்ன செய்வார்?

இன்னொரு பக்கம், 1972-ல் எல்.ஜி.ஹாவனூர் தலைமையில் பிற்படுத்தப்பட்டோர் ஆணையம் அமைத்தார். 1975-ல் வந்த அறிக்கை லிங்காயத்துகளைப் பட்டியலில் சேர்க்கவில்லை. எதிர்ப்பு பலமாக இருந்தது. ஆனாலும் 1977-ல் அதன் அடிப்படையில் இட ஒதுக்கீட்டு உத்தரவு வந்தது.

குறைகளும் உண்டு. குத்தகைதாரருக்குத்தான் நிலம் கிடைத்தது. கூலிக்கு உழைத்த தலித்துகளில் பெரும்பாலானோர் குத்தகைதாரர்களே இல்லை என்பதால், அவர்களுக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. அர்ஸ் ஆட்சி மீது ஊழல் புகார்களும் எழுந்தன. இந்திரா காந்தியுடன் பிரிவு ஏற்பட்டு, 1980 ஜனவரியில் பதவி போனது. 1982-ல் காலமானார்.

நிலம் வாங்கும் தடை 2020-ல் நீக்கப்பட்டது. உங்களுக்கு வசதிதான். ஆனால் அந்த ஏக்கரை இன்று உழுதுகொண்டிருப்பவர் யார் என்று, கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.