செராய் தந்த சகோதரன்



கொச்சித் துறைமுகத்திற்கு வடபால், கடலுக்கும் காயலுக்கும் இடையே நீண்டு கிடக்கும் தீவு வைப்பின். அதன் வடபகுதியில் உள்ள செராய் என்னும் ஊரில், 1889ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள், ஈழவ குலத்து வைத்தியர் குடும்பமொன்றில் அய்யப்பன் பிறந்தார். தந்தையார் இளமையிலேயே மறைந்தமையால் தமையனார் அச்சுத வைத்தியரே அவரை வளர்த்துப் படிக்க வைத்தார். திருவனந்தபுரத்தில் பி.ஏ. பட்டம் பெற்று அவர் ஊர் திரும்பினார். ஸ்ரீ நாராயண குருவின் சீடர். ஆயினும் குருவின் சொல்லையும் அறிவில் உரைத்துப் பார்த்த சீடர்.

அக்காலத்தில் ஈழவரைக் கண்டால் மேற்குலத்தார் விலகி நிற்கச் சொல்வர். அதே ஈழவர் புலையரைக் கண்டால் தாமும் விலகி நிற்கச் சொல்வர். இருவருக்கும் கூறப்பட்ட காரணம் ஒன்றே: முற்பிறப்பின் வினை. பஞ்சாலையில் நூல் முறுக்கிய நாளில் இக்காரணத்தை யானும் கேட்டதுண்டு. ஆலையருகே ஒரு தேநீர்க் கடையில் எமக்குத் தனிக் குவளை வைத்திருந்தனர். வீடு திரும்பி அதைச் சொன்னபோது, அது நம் கர்ம பலன் என்று கூறிப் பெருமூச்சு விட்டார் என் தாயார். கடைக்காரர் மீது அவருக்குச் சினமே எழவில்லை. அதுவே எனக்குப் பெருந்துயராயிற்று.

பகவன் புத்தர் உரைத்த கம்மம் இதுவன்று. மனத்தின் எண்ணமே கம்மம் என்பது அவர் போதனை. மனிதன் அடையும் இன்ப துன்பம் அனைத்தும் முன்வினையால் மட்டுமே விளைபவை என்னும் கொள்கையைச் சீவகன் என்னும் பரிவிராசகனுக்கு அவர் மறுத்துரைத்தார். பித்தம், வாதம், பருவ மாறுதல், பிறர் செய்யும் இம்சை ஆகியவையும் துன்பத்திற்குக் காரணங்கள் என விளக்கினார். தனிக் குவளை பிறர் செய்யும் இம்சை. அதை வைப்பவனுடைய இன்றைய கம்மம் அது. குடிப்பவனுடைய பழைய கம்மம் அன்று. தோட்டியான சுனீதரைப் பகவன் சங்கத்தில் சேர்த்தார். நாவிதரான உபாலிக்குச் சாக்கிய இளவரசர்க்கு முன்பாகவே துறவளித்தார்.

1917ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் செராயில் அய்யப்பன் செய்ததும் இந்த நெறியைச் சார்ந்ததே. அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. ஈழவரும் புலையரும் ஒன்றாய் அமர்ந்து உண்ணும் மிசிர போஜனத்திற்கு ஏற்பாடு செய்தார். பெருவிருந்து ஒன்றுமில்லை. சோறும், பலாக்கொட்டையும் கடலையும் சேர்த்த கறியுமே உணவு. அதனாலேயே ஊர் கொதித்தது. அவருடைய சொந்த சமூகத்தின் சபை கலந்துகொண்டோரை விலக்கி வைத்தது. புலையன் அய்யப்பன் என்று இழித்துரைத்தனர். அப்பெயரை அவர் பட்டமாகவே ஏற்றுக்கொண்டார்!

மனம் நொந்து குருவிடம் சென்றபோது, குரு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. கிறிஸ்துவைப்போலப் பொறுமை காக்கும்படி அறிவுறுத்தினார். மக்கள் யாவரும் ஒரே இனமாதலின் சமபந்தியிலும் கலப்பு மணத்திலும் குற்றமில்லை என்று பின்னர் தம் கைப்படவே எழுதிக் கொடுத்தார்.

அவ்வாண்டிலேயே மட்டாஞ்சேரியிலிருந்து சகோதரன் என்னும் பத்திரிகையை அய்யப்பன் தொடங்கினார். பத்திரிகையின் பெயரே அவருக்கு அடைமொழியாயிற்று. 1929இல் யுக்திவாதி இதழும் தோன்றியது. குரு ஒரு சாதி, ஒரு மதம், ஒரு தெய்வம் என்று போதித்தார். சீடரோ மூன்றும் வேண்டா, தர்மமே வேண்டும் என்று மாற்றிப் பாடினார். குரு இதற்காக அவரை விலக்கிவிடவில்லை. இத்தகைய குரு சீடரை இந்நாளில் காண்பது அரிது. ஈழவர் எம்மதம் தழுவுவது என்ற வாதம் எழுந்தபோது மிதவாதி கிருஷ்ணன் பௌத்தத்தை முன்மொழிந்தார். குமாரன் ஆசான் மதமாற்றத்தை மறுத்தெழுதினார். அய்யப்பனின் உள்ளம் பௌத்தத்தின் பக்கமே நின்றது. பகவனைப் போற்றிக் கவிதையும் இயற்றினார். கொச்சிச் சட்டசபையில் பல்லாண்டு பணியாற்றி, 1946இல் கொச்சியிலும் 1949இல் திருவிதாங்கூர்-கொச்சியிலும் அமைச்சரானார். பதவிக் கதையை விரிப்பானேன்?

ஒன்றை மறைக்கலாகாது. நம் சங்கத்தில் தியானத்தால் ஆன்மாவைச் சுத்தம் செய்வது பற்றி அடிக்கடி பேசுகிறோம். பௌத்தத்தில் நிலையான ஆன்மா இல்லை; தூய்மை பெற வேண்டியது சித்தம். இனி, அய்யப்பனைத் தியான யோகியென்று யான் புனைந்துரைக்க மாட்டேன். தருக்கமே அவருக்குத் துணை. ஆயினும் தம்மை இழித்தவரைத் தாம் இழிக்காமல் ஐம்பதாண்டு பணி செய்த சித்தத்தில் துவேஷம் எவ்வளவு தேய்ந்திருக்கும்! கண்மூடி அமர்ந்து மைத்திரி பாவனை செய்யும் நாமோ, எழுந்தபின் நமக்குக் கீழாக எண்ணும் அருந்ததியர் வீட்டில் உண்ணத் தயங்குகிறோம். சென்ற வைசாகப் பூர்ணிமையன்று என் கண்ணெதிரே அது நிகழ்ந்தது. யானும் வாய் திறவாதிருந்தேன். அன்று செய்த மைத்திரி பாவனை எம் மனத்தைத் தொட்டதா என்பது எனக்கு ஐயமே.

அய்யப்பன் தம் துணைவியார் பார்வதி அம்மையாருடன் ஆலுவாவை அடுத்த தோட்டுமுகத்தில் பெண்களுக்காக ஸ்ரீ நாராயண சேவிகா சமாஜத்தை நிறுவினார். 1968ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள் மறைந்தார். செராயில் அவர் நினைவிடம் உள்ளது. அடுத்த மே 29ஆம் நாள் அங்கே செல்ல விரும்பும் அன்பர்கள் என்னுடன் வரலாம். உணவைச் சேர்ந்தே சமைத்து எடுத்துச் செல்வோம்.