நன்றியுள்ள நெஞ்சம்: டாக்டர் ஹோவர்ட் சோமர்வெல்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி, காரக்கோணம் என்றோர் ஊர் உள்ளது. 2002-ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பெற்ற மருத்துவக் கல்லூரி டாக்டர் சோமர்வெல் நினைவு சி.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தப் பெயருக்குரியவர் யார் என்று கேட்டால் இருவகை விடை கிடைக்கும். மலையேற்ற வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள், எவரெஸ்ட் சிகரத்தின் உச்சிக்கு மிக அருகில் சென்று திரும்பிய வீரர் என்பார்கள். தெற்குத் திருவிதாங்கூரின் பழைய கிறிஸ்தவக் குடும்பத்தார், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் இவ்விரண்டையும் இணைத்து நின்றது எது என்பதே நாம் சிந்திக்க வேண்டியது.

தியோடர் ஹோவர்ட் சோமர்வெல் 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள், இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள கெண்டல் என்னும் ஊரில் பிறந்தார். காலணி உற்பத்தியில் பெயர் பெற்ற, வசதி மிக்க குடும்பம். ரக்பி பள்ளியிலும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் கல்வி. இயற்கை அறிவியலில் முதல் வகுப்புத் தேர்ச்சி. இசையும் ஓவியமும் மலையேற்றமும் அவருக்குப் பொழுதுபோக்குகள் மட்டுமல்ல. அவை அவருடைய இயல்பாகவே இருந்தன. மாணவப் பருவத்திலேயே கிறிஸ்தவ விசுவாசம் அவருக்குள் வேரூன்றியது. பின்னர் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை மருத்துவம் பயின்றார். இதுவரை அவருடைய வாழ்வில் துன்பத்தின் நிழல் அதிகம் படியவில்லை. நல்ல உடல்நலமும் செல்வமும் திறமையும் உள்ளவன் மகிழ்ச்சியாக இருப்பதில் வியப்பென்ன?

முதல் உலகப் போர் அந்த எளிய மகிழ்ச்சியைச் சோதித்தது. இராணுவ மருத்துவராகப் பிரான்சுக்குச் சென்ற சோமர்வெல், 1916-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தொடங்கிய சோம் போரின் காயமுற்றோரைக் கவனிக்கும் பணியில் இருந்தார். அந்த ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் மாண்டவர்கள் 19,240 பேர். காயமுற்றவர்களையும் சேர்த்தால் சேதம் 57,000-க்கும் மேல். கூடாரத்திற்குள் விரல்விட்டு எண்ணத்தக்க அறுவை மருத்துவர்கள். வெளியே புல்வெளியில் வரிசை வரிசையாகக் கிடத்தப்பட்ட இளைஞர்கள். யாரை உள்ளே எடுப்பது, யாரை விடுவது என்பதை மருத்துவரே நொடிப்பொழுதில் தீர்மானிக்க வேண்டும். விடப்பட்டவன் இறப்பான் என்பதும் அவருக்குத் தெரியும். அவ்வாறு காத்துக்கிடந்தவர்களில் ஒருவரும், தன்னை முதலில் பார்க்கும்படி கேட்கவில்லை என்பதைச் சோமர்வெல் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

சிறிது ஓய்வு கிடைத்தபோது அவர் வெளியே வந்து, புல்லில் உறங்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் அருகே அமர்ந்தார். அவன் உறங்கவில்லை, இறந்துவிட்டான் என்பது சற்று நேரம் கழித்தே அவருக்கு விளங்கியது. போர் என்பதையே வெறுப்பவராக அவர் மாறியதற்கு அந்த நாட்களே காரணம். இத்தகைய காட்சிகளைக் கண்டபின் கடவுள் நம்பிக்கையைத் துறந்தவர்கள் அத்தலைமுறையில் பலர். அவர்களை நாம் குறைசொல்ல இயலாது. சோமர்வெல் துறக்கவில்லை. தமக்கு மிஞ்சிய உயிர் தமது சொந்த உடைமையன்று என்னும் எண்ணம் அவரிடம் வலுப்பெற்றதாகவே அவருடைய பின்னாளைய வாழ்வு காட்டுகிறது.

1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணக்குழுவில் அவர் இடம்பெற்றார். மே மாதத்தில் மல்லோரி, நார்ட்டன், மோர்ஸ்ஹெட் ஆகியோருடன் செயற்கைப் பிராணவாயு இன்றி ஏறத்தாழ 8,200 மீட்டர் உயரத்தை எட்டினார். அதுவரை மனிதன் காலடி படாத உயரம் அது. ஆனால் ஜூன் 7-ஆம் நாள் மூன்றாவது முயற்சியின்போது பனிச்சரிவு ஏற்பட்டு, சுமை தூக்கி வந்த ஏழு பேர் மாண்டனர். முன்னே சென்ற சோமர்வெல் உள்ளிட்ட ஆங்கிலேயர் அனைவரும் உயிர் பிழைத்தனர். இது அவரை மிகவும் வாட்டியது. தங்களில் ஒருவரேனும் அந்த ஏழு பேருடன் இறந்திருக்கலாகாதா, அவர்களுடைய இழப்பில் தாங்களும் உண்மையாகவே பங்குகொண்டோம் என்று அப்போதாவது அவர்கள் அறிந்திருப்பார்களே என்று அவர் உள்ளம் நொந்தார். உயிர் பிழைத்ததற்கு நன்றி செலுத்துவதுகூட எளிதன்று. அதற்குள்ளும் ஒரு வேதனை உண்டு.

அந்த வேதனையோடுதான் அவர் இந்தியாவின் வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் செய்தார். தாயகம் திரும்புமுன் இந்நாட்டைக் காண வேண்டும் என்பதே நோக்கம். ஊழியம் செய்யும் எண்ணம் இருந்ததில்லை. குமரிமுனை வரை வந்தவர், திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தமிழ் வழங்கும் பகுதியில் இருந்த நெய்யூருக்கு வந்தார். 1956-இல் அந்தப் பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயிற்று. இலண்டன் மிஷனரி சங்கத்தார் 1838-ஆம் ஆண்டிலேயே அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தனர்.

ஆஸ்பத்திரி வளாகத்தில் அவர் கண்டது காத்திருக்கும் கூட்டம். மரநிழலில் பாய் விரித்துப் படுத்திருந்தோர், கட்டிலோடு தூக்கி வரப்பட்டோர், தாயின் தோளில் துவண்டு கிடந்த குழந்தைகள். இத்தனை பேருக்கும் தகுதி பெற்ற அறுவை மருத்துவர் டாக்டர் பியூ ஒருவரே. அவரும் உழைத்துக் களைத்திருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் சோம் நதிக்கரைப் புல்வெளியில் கண்ட அதே காட்சி! அங்கேயாவது போர் என்றொரு காரணம் இருந்தது. இங்கே வறுமையையும் மருத்துவர் இல்லாமையையும் தவிர வேறு காரணம் இல்லை.

இலண்டனில் அவருக்கு ஒளிமயமான எதிர்காலம் காத்திருந்தது. தாம் பயின்ற மருத்துவமனையிலேயே அறுவை மருத்துவராக உயரும் வாய்ப்பு இருந்தது. அவர் ஊர் திரும்பியது விடைபெறுவதற்காகவே. 1923-இல் நெய்யூருக்கு வந்து சேர்ந்தார். இதைத் தியாகம் என்று பிறர் சொன்னார்கள். நாமும் அவ்வாறே சொல்லப் பழகியிருக்கிறோம். அவரோ தமக்குப் பிடித்தமான வேலை மிகவும் தேவைப்படும் இடத்திலேயே கிடைத்ததைப் பெரும் பேறாகக் கருதினார். ஊழியர்களின் வரலாற்றைக் கண்ணீரால் மட்டுமே எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. சோமர்வெல்லின் வரலாறு அந்த வழக்கத்திற்குள் அடங்காது.

மறு ஆண்டே எவரெஸ்ட் மீண்டும் அழைத்தது. 1924-ஆம் ஆண்டுப் பயணத்தில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களைக் குறிப்பிட்டாக வேண்டும். மே மாதத்தில் கடும் பனிப்பொழிவால் வடகணவாய் முகாமில் சுமைதூக்குவோர் நால்வர் சிக்கிக்கொண்டனர். அவர்களை மீட்க நார்ட்டன், மல்லோரி, சோமர்வெல் மூவரும் ஏறினர். எந்நேரமும் சரியக்கூடிய பனிச்சரிவில், கயிற்றின் முனையில் சோமர்வெல் முன்னே சென்றார். கயிற்றின் நீளம் சில அடிகள் போதவில்லை. ஒவ்வொருவராக அவரிடம் வரும் வேளையில் இருவர் வழுக்கிச் சரிந்தனர். நல்வேளையாகச் சிறிது தொலைவில் நின்றனர். சோமர்வெல் தம் இடுப்பிலிருந்த கயிற்றை அவிழ்த்துப் பனிக்கோடரியில் சுற்றிக்கொண்டு, கைக்கு எட்டும் தூரம் வரை நீண்டு, அவர்களைச் சட்டைக் கழுத்தைப் பற்றி இழுத்தார். நால்வரும் பிழைத்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏழு பேரை இழந்த அதே மலை அது. அவர் மனம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்பதை வாசகர்களே உணர்ந்துகொள்ளலாம்.

ஜூன் 4-ஆம் நாள் நார்ட்டனும் அவரும் பிராணவாயுக் கருவி இன்றி உச்சியை நோக்கி ஏறினர். ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் தொண்டை வலியும் மூச்சுத் திணறலும் தாங்காமல் சோமர்வெல் அமர்ந்துவிட்டார். நார்ட்டன் மேலும் சென்று 8,573 மீட்டரை எட்டித் திரும்பினார். செயற்கைப் பிராணவாயு இன்றி எட்டியதாக உறுதியாக அறியப்பட்ட உயரங்களில் 1978 வரை அதுவே மிகுதியானது. இறங்கும் வழியில் சோமர்வெல்லின் தொண்டை முற்றிலும் அடைத்துக்கொண்டது. முன்னே சென்ற நண்பரைக் கூவி அழைக்கவும் குரல் இல்லை. பனியில் அமர்ந்து, இறப்பு நெருங்கிவிட்டது என்றே எண்ணினார். கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை ஓங்கி அழுத்தினார். உறைபனியால் கருகிக் கழன்றிருந்த தொண்டையின் உட்சவ்வு வெளியே வந்து விழுந்தது. மூச்சு திரும்பியது. வலி கடுமையாக இருந்தும், பல நாட்களுக்குப் பின் தடையின்றி மூச்சுவிட முடிந்த அந்தப் பேரின்பத்தை அவர் பின்னாளில் எழுதிய நூலில் பதிவுசெய்திருக்கிறார். நாமோ ஒவ்வொரு நாளும் பல ஆயிரம் முறை மூச்சு விடுகிறோம்!

கீழே வந்தவர் தம்முடைய கேமராவை மல்லோரியிடம் கொடுத்தார். ஜூன் 8-ஆம் நாள் மல்லோரியும் இர்வினும் மேகத்திற்குள் மறைந்தனர். திரும்பவில்லை. மல்லோரியின் உடல் 1999-இலும் இர்வினின் பாதம் 2024-இலும் கண்டெடுக்கப்பட்டன. கேமரா அவற்றுடன் கிடைக்கவில்லை. மலையடிவார முகாமை விட்டுப் புறப்படுமுன், மூன்று பயணங்களிலும் இறந்தவர்களுக்காக எழுப்பிய கல்மேட்டின் பணியில் சோமர்வெல் தம் கைகளாலேயே உழைத்தார். 1922-இல் மாண்ட ஏழு பேரின் பெயர்களும் அதில் செதுக்கப்பட்டன. பின்னர் நேராக நெய்யூர் திரும்பினார்.

இதன்பின் வருவதே நம் மனத்தில் நிற்க வேண்டியது. ஆனால் சொல்வதற்குப் பரபரப்பு ஏதும் இல்லை. ஏறத்தாழ கால் நூற்றாண்டு அவர் நெய்யூரில் நோயாளிகளைப் பார்த்தார். அவ்வளவுதான். 1925-இல் மார்கரெட் ஹோப் சிம்ப்சனை மணந்தார். மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். அறுவை மேசையருகே நாள்தோறும் நின்றார். வெயிலும் புழுக்கமும், போதாத பணமும், தீராத வரிசையும் அன்றாடம். மரவள்ளிக் கிழங்கை முக்கிய உணவாகக் கொண்ட அந்நாட்டு ஏழைகளிடையே குடற்புண் மிகுதியாக இருப்பதைக் கண்டு, அதற்கான அறுவை சிகிச்சையில் பெரும் தேர்ச்சி பெற்றார். உணவுமுறைக்கும் அந்நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். வெற்றிலை புகையிலைப் பழக்கத்தால் வரும் வாய்ப் புற்றுநோய், உலகம் அஞ்சி ஒதுக்கிய தொழுநோய் என ஒவ்வொன்றும் அவர் முன் வந்தது.

தொழுநோயாளர் பத்துப்பேர் குணமடைந்தும், அவர்களில் ஒருவனே திரும்பி வந்து நன்றி செலுத்தினான் என்று லூக்கா நற்செய்தியில் வாசிக்கிறோம். மற்ற ஒன்பது பேரையும் எண்ணி மனம் கசந்துபோகும் ஊழியர்கள் உண்டு. சோமர்வெல் பிறருடைய நன்றியை எதிர்பார்த்து வேலை செய்தவரல்லர். நன்றி செலுத்த வேண்டிய இடத்தில் இருப்பவர் தாமே என்பது அவர் எண்ணம்போலும். ஆகவே ஒன்பது பேர் திரும்பாவிட்டாலும் அவருக்குக் குறையில்லை. அறுவையில் எல்லாரும் பிழைப்பதில்லை. மேசைமேல் உயிர் பிரிந்த நாட்களும் அவருக்கு உண்டு. அத்தகைய நாட்களின் மறுநாளும் வரிசை காத்திருக்கும். அவரும் வந்து நிற்பார்.

தூரிகையையும் இசையையும் அவர் கைவிடவில்லை என்பதையும் கூற வேண்டும். திபெத்தில் கேட்ட நாட்டுப்புற இசையைக் குறிப்பெடுத்து, 1924 பயணத்தைப் பற்றிய திரைப்படத்திற்கு இசை அமைத்துக் கொடுத்தவர் அவர். இமயத்தையும் இந்தியாவின் நிலக்காட்சிகளையும் நூற்றுக்கணக்கில் வரைந்தார். ஓர் ஊழியருக்கு இவையெல்லாம் எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்திருக்கலாம். எங்களுக்குத் தோன்றுவது வேறு. ஆண்டவர் படைத்த அழகை நின்று நோக்கத் தெரிந்த கண்களுக்கே, அழுகிய புண்ணுடன் வரும் மனிதனிலும் அவருடைய சாயல் தெரிகிறது.

1949-இல் அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். ஒருவர் செய்யும் அறுவையை விட, ஒருவர் உருவாக்கும் அறுவை மருத்துவர்கள் அதிகம் பேரைக் காப்பார்கள் அல்லவா? 1961 வரை அங்கே இந்திய மாணவர்களுக்குக் கற்பித்தார். பின்னர் இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்திற்குத் திரும்பி, ஆல்பைன் சங்கத்தின் தலைவராகச் சில ஆண்டுகள் இருந்தார். 1975-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள், 84-ஆம் வயதில், ஆம்பிள்சைடில் அமைதியடைந்தார்.

அரசு அளித்த பட்டங்களும் பதக்கங்களும் அவருக்கு இருந்தன. அவற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. இலண்டன் மிஷனரிகளின் உழைப்பில் எழுந்த தெற்குத் திருவிதாங்கூர்ச் சபைகள் 1947-இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. அச்சபைகளின் வழிவந்தோர், அவர் மறைந்து 27 ஆண்டுகளுக்குப் பின், காரக்கோணத்தில் தங்கள் மருத்துவக் கல்லூரிக்குப் பெயர் தேடியபோது, எவரெஸ்ட் உச்சியைத் தொடாமல் திரும்பிய இந்த மருத்துவரின் பெயரையே சூட்டினார்கள்.